கடற்கரை ஊர்களின் பல்லுயிர்ப் பதிவேடு: மக்கள் அறிவியலுக்கு உள்ள சட்ட உரிமை

மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) செழித்திருக்கிறது, எங்கே தேய்ந்துவிட்டது என்பதைப் பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் நன்கு அறிவார்கள். இத்தகைய அறிவை ஊராரே முறையாகக் குறித்து வைத்தால் அது மக்கள் அறிவியல். 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற திறந்த அறிவியல் பரிந்துரை, ஆய்வுக் கட்டுரைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதோடு நிற்கவில்லை. பொதுமக்களின் பங்கேற்பும் உள்ளூர் அறிவுடனான உரையாடலும் திறந்த அறிவியலின் தூண்கள் என்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். அதைக் காட்டி வழக்குத் தொடர முடியாது.

நம் கைக்கு எட்டும் பிடி, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எதுவானாலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தாக வேண்டும். 2004-ஆம் ஆண்டின் விதிகள் அதில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தன. ஊராரைக் கலந்து, அந்தப் பகுதியின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது குழுவின் முதன்மை வேலை. அந்தப் பகுதியின் உயிரின வளங்களையும் அவை பற்றிய அறிவையும் பயன்படுத்துவது குறித்து முடிவெடுக்கும்போது, தேசியப் பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் இந்தக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. நான் மிகவும் மதிக்கும் பிரிவு இது.

பதிவேட்டில் உயிரினங்களுக்கு உள்ளூரில் வழங்கும் பெயரையே எழுதச் சொல்லுங்கள்: கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகள், ஆவுளியா என்ற கடற்பசு. தேதி, இடம், வீசியது வாடைக்காற்றா கச்சான் காற்றா, எவ்வளவு ஆழம், வலையில் என்ன விழுந்தது என்று ஒவ்வொரு வரியிலும் இருந்தால், பிறகு வரும் ஆய்வாளர் அதை ஒதுக்கிவிட முடியாது.

வணிகத்துக்காக வளங்களைச் சேகரிப்போரிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம். உள்ளூர் பல்லுயிர் நிதி என்று தனி நிதியும் உண்டு. அது பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் ஊராரின் நலனுக்கும் உரியது. கடலைக் கண்காணித்துக் குறிப்பவர்களுக்கு அதிலிருந்து கூலி தரத் தீர்மானம் கேளுங்கள். படகையும் அனுபவத்தையும் மீனவரிடம் வாங்கிக்கொண்டு, பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடாதது அநியாயம்.

ஒன்றில் கவனம் தேவை. பதிவேட்டில் இடம்பெறுவதால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பாசி எடுக்க அனுமதி கிடைத்துவிடாது. அங்கே வனத்துறையின் விதிகள் தனி.

உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, பதிவேடு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று கிராம சபையில் கேட்டு, கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுக் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.