தலைமைத்துவம் எதற்கு, தலைமை இருக்கும்போது?

"தலைமைத்துவப் பயிற்சி", "தலைமைத்துவப் பண்புகள்", "தலைமைத்துவ மேம்பாடு." மேலாண்மை பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும், லீடர்ஷிப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தலைமைத்துவம் என்ற இந்தச் சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. ஆய்வேடுகளின் தலைப்பில், மனிதவளத் துறையின் சுற்றறிக்கையில், தன்னம்பிக்கை நூல்களின் அட்டையில், எங்கும் அதுதான். போதாக்குறைக்கு இப்போது "தலைமைத்துவத் தன்மை" என்றும் எழுதுகிறார்கள். மை, த்துவம், தன்மை என்று ஒரே வேலையைச் செய்யும் மூன்று உறுப்புகள் அதில் வரிசையாக நிற்கின்றன. இதைத் திருத்தாமல் விட்டால், தலைமை என்ற நல்ல சொல் தனியே நிற்கவே தகுதியற்றது என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லீட் என்ற ஆங்கில வினை பழையது. கூட்டிச் செல்வது, வழிநடத்துவது என்று பொருள். அதிலிருந்து வந்த லீடரோடு, நிலையைக் குறிக்கும் ஷிப் என்ற விகுதி சேர்ந்து லீடர்ஷிப் ஆயிற்று. அந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. முதலில் தலைவராக இருக்கும் நிலையை மட்டும் குறித்தது. அதற்கு வேண்டிய தகுதிகளையும் குறிக்கத் தொடங்கியது பிற்பாடு. நம்முடையது தலை என்ற பெயரும் மை என்ற விகுதியும் சேர்ந்த சொல்.

சிக்கல் அந்த விகுதியில்தான் இருக்கிறது. மை என்பது தமிழின் பண்புப்பெயர் விகுதி. தாய், தாய்மை. தோழன், தோழமை. தலை, தலைமை. சமஸ்கிருதத்தின் த்வ என்ற விகுதி அங்கே செய்வதையே இது இங்கே செய்கிறது. ஆக, தலைமை என்று சொன்ன உடனேயே வேலை முடிந்துவிட்டது. அதன்மேல் த்துவத்தை ஏற்றுவது பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவது. தாய்மைத்துவம் என்று யாராவது எழுதுகிறார்களா? வறுமைத்துவம், தோழமைத்துவம் என்று ஒரு மாணவர் எழுதிவந்தால் சிவப்பு மையால் சுழிப்போம். பிரெண்ட்ஷிப்பில் இருப்பதும் இதே ஷிப்தான்; அதற்குத் தோழமை போதும் என்றால் லீடர்ஷிப்புக்குத் தலைமை ஏன் போதாது? ஆங்கிலச் சொல்லை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டு தேடியதால் வந்த வினை என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்துண்டுக்கு எடுத்த சொல்லிலேயே பின்துண்டும் அடங்கியிருப்பதை யாரும் பார்க்கவில்லை.

இதற்கு வழக்கமாக மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, "முதலாளித்துவம், சமத்துவம், பிரதிநிதித்துவம் எல்லாம் இருக்கின்றனவே." இருக்கின்றன. முதலாளியும் பிரதிநிதியும் ஆளைக் குறிக்கும் பெயர்கள். சமம் என்பதன் அடி ஒரு பெயரடை. அவற்றில் பண்பு விகுதி ஏதும் இல்லை, அதனால் த்துவத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. வடமொழி விகுதி என்பதற்காக அதை நான் விரட்டவில்லை. வேலையில்லாத இடத்தில் அமர்த்தாதீர்கள் என்கிறேன். இரண்டாவது, "மருத்துவம் தமிழ்ச்சொல்தானே, அதில் த்துவம் இல்லையா?" இல்லை. அது மருந்து என்பதன் மெல்லினம் வல்லினமான மருத்து என்ற வடிவிலிருந்து வந்தது, மருத்துப்பை என்பதில் வருகிறதே அதே வடிவம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதெல்லாம் ஒரே விகுதி ஆகாது. மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: "அடிமைத்தனம் என்கிறோமே, அங்கும் மைக்குமேல் தனம் வருகிறதே." வருகிறது, காரணத்தோடு வருகிறது. அடிமை என்ற சொல் ஆளையே குறிக்கத் தொடங்கிவிட்டது. அவர் ஓர் அடிமை என்கிறோம். ஆளைக் குறித்த பிறகு, நிலையைக் குறிக்க இன்னொரு விகுதி தேவைப்பட்டது. "அவர் ஒரு தலைமை" என்று யாரும் சொல்வதில்லை. ஆளுக்குத் தலைவர் இருக்கிறார்.

இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலைமைத்துவம் வேரூன்றிவிட்டது. இலங்கையில் மேலாண்மைக்கே முகாமைத்துவம் என்றுதான் வழங்குகிறார்கள், பல்கலைக்கழகப் பீடங்களின் பெயர்கள் உட்பட. ஒரு நாட்டின் கல்வி வழக்கை அறியாமை என்று தள்ளுவது முறையல்ல, இரண்டு சொற்களும் அங்கே ஒரே அச்சில் வார்த்தவையாக இணையாக நிற்பதும் உண்மை. ஆனால் அந்த இணை மேலாண்மை, தலைமை என்பதிலேயே கிடைக்கிறது, இன்னும் சிக்கனமாக. ஆள் என்ற வினையிலிருந்து வந்த ஆண்மை, நிர்வகிக்கும் பொருளில் பழைய சொல். "தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னும் செருக்கு" என்பது 613-ஆம் குறள். 1026-ஆம் குறள் குடியை ஆளும் தன்மையை இல்லாண்மை என்கிறது. மேலாண்மை அந்த வரிசையில் இயல்பாகச் சேர்ந்த பிள்ளை. அதன் பக்கத்தில் தலைமையை வைத்தால் கண்ணும் உறுத்தவில்லை, நாக்கும் இடறவில்லை.

தலைமைத்துவத்துக்காகச் சொல்லப்படும் உருப்படியான வாதம் ஒன்றே ஒன்றுதான். "தலைமை என்றால் பதவி. நாங்கள் சொல்வது பதவியை அல்ல, திறனை. அதனால்தான் வேறு சொல்." இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கவலை நியாயமானது, மருந்துதான் தவறு. லீடர்ஷிப் என்பது ஆங்கிலத்திலேயே நான்கு பொருள்களில் வருகிறது. மேலே இருக்கும் குழு: "புதிய தலைமை பொறுப்பேற்றது." பதவி: "திட்டத்தின் தலைமை அவருக்குத் தரப்பட்டது." திறன்: "அவரிடம் தலைமைத் திறன் இருக்கிறது." செயல்: "இயந்திரம் நின்றதும் தலைமையேற்று வேலையைப் பிரித்துக் கொடுத்தவர் ஓர் இளநிலைப் பணியாளர்." நான்கிலும் தலைமை ஒன்றே அடிச்சொல், பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைப் பிரித்துத் தருகிறது. இப்போது நான்கிலும் தலைமைத்துவத்தைப் போட்டுப் பாருங்கள். "புதிய தலைமைத்துவம் பொறுப்பேற்றது", "அவரிடம் தலைமைத்துவம் இருக்கிறது." பதவியையும் திறனையும் பிரிப்பதற்காகக் கொண்டுவந்த சொல் இரண்டையும் மறுபடி ஒன்றாகக் குழைத்துவிட்டது. தலைமைத்துவத்தை எடுத்துவிட்டுத் தலைமையைப் போட்டால் பொருள் மாறாத வாக்கியத்தில் அந்தச் சொல் மிகை. பொருள் மாறுகிறதென்றால், அங்கே தேவைப்பட்டது திறன், பண்பு, முறை, ஏற்பு ஆகியவற்றில் ஒன்று.

தலைமைத்துவத்தை விட்டவர்கள் பலரும் நேராகப் போய் விழும் பள்ளம் "தலைமைப் பண்பு". லீடர்ஷிப் எங்கே வந்தாலும் தலைமைப் பண்பு என்று போடுவது இலக்கணப் பிழை இல்லை, அதைவிடப் பெரிய பிழை. தலைவர்கள் பிறவியிலேயே சில பண்புகளோடு வருகிறார்கள் என்ற கொள்கை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோலோச்சியது. உளவியலாளர் ரால்ஃப் ஸ்டாக்டில் 1948-இல், அதுவரை வந்த 124 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஏதோ சில பண்புகளின் சேர்க்கையால் மட்டும் ஒருவர் தலைவராகிவிடுவதில்லை, சூழலோடும் பின்தொடர்வோரின் தேவைகளோடும் அவை பொருந்த வேண்டும் என்று எழுதினார். அதற்கும் முன்பே, 1939-இல், கர்ட் லெவினும் ரொனால்ட் லிப்பிட்டும் ரால்ஃப் ஒயிட்டும் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வில், பொறுப்பிலிருந்த பெரியவர்கள் அதிகார முறை, சனநாயக முறை, தலையிடா முறை என்று தங்கள் நடத்தையை மாற்றி மாற்றி நடந்துகொண்டார்கள். குழுவின் போக்கும் அதற்கேற்ப மாறியது. அங்கே ஆராயப்பட்டது நடத்தை. அதைத் "தலைமைப் பண்பு ஆய்வு" என்று மொழிபெயர்த்தால், அந்த ஆய்வு எதைக் காட்டியதோ அதற்கு நேரெதிரானதை அதன் பெயரிலேயே ஒட்டுகிறோம். மேலாண்மை அறிஞர் ஜான் காட்டர் 1990-இல் மேலாண்மையையும் தலைமையையும் பிரித்தபோதும் செயல்களை வைத்துத்தான் பிரித்தார். திட்டமிடல், நிதி ஒதுக்கல், ஆள் அமர்த்தல், கட்டுப்படுத்தல் மேலாண்மைப் பக்கம். திசை காட்டல், மக்களை அதன்பால் ஒருங்குசேர்த்தல், ஊக்கமூட்டல் தலைமைப் பக்கம். இவற்றில் எதையும் பண்பு என்று சொல்ல முடியாது.

துறைச்சொற்களை மொழிபெயர்ப்பவர்கள் மூலத்தைப் படிக்காமல் அகராதியை மட்டும் திறப்பதன் விளைவுகள் இன்னும் பல. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் தலைவரின் நடத்தையை இரண்டு பரிமாணங்களாக வகுத்தன. ஒன்று இனிஷியேட்டிங் ஸ்ட்ரக்சர், மற்றது கன்சிடரேஷன். முதலாவதைத் "தொடக்கக் கட்டமைப்பு" என்று எழுதினால் கட்டடத்துக்கு அடித்தளம் போடுவது போல் ஒலிக்கிறது. உண்மையில் அது யார் எதைச் செய்ய வேண்டும், எந்தத் தரத்தில், எந்த நாளுக்குள் என்று தலைவர் வரையறுப்பது: பணி வகுத்தல். இரண்டாவதைப் "பரிசீலனை" என்றால் மனு பரிசீலனை நினைவுக்கு வருகிறது. அது கீழே இருப்பவர்களின் மனத்தையும் நலத்தையும் மதித்து நடப்பது: பரிவு. ஒரு தலைவர் பணி வகுத்தலில் கெட்டியாகவும் பரிவில் பூச்சியமாகவும் இருக்கலாம் என்று சொன்னால் எந்தப் பணியாளருக்கும் உடனே புரியும். "தொடக்கக் கட்டமைப்பு உயர்வாகவும் பரிசீலனை தாழ்வாகவும்" என்றால் எழுதியவருக்கே புரியாது.

சர்வண்ட் லீடர்ஷிப்புக்கு நேர்ந்ததும் இதேதான். ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் முன்வைத்த கருத்து அது: பிறருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற எண்ணம் முதலில், தலைமை அதன் பின். இதைப் "பணியாளர் தலைமைத்துவம்" என்றால், தொழிற்சங்கம் போலப் பணியாளர்களே தலைமை தாங்குவதாக ஆகிவிடுகிறது. தொண்டுத் தலைமை என்ற தொடர் இருக்கும்போது இந்தக் குழப்பம் தேவையே இல்லை. தலைவர், தொண்டர் என்ற எதிர்ச்சொற்களைத் தினமும் கேட்கும் தமிழ்க் காதுக்கு, அந்த இரண்டையும் ஒன்றாக்கும் கிரீன்லீஃபின் முரண் விளக்கம் இல்லாமலே எட்டுகிறது. டிரான்சாக்‌ஷனல், டிரான்ஸ்ஃபர்மேஷனல் என்ற இணைக்கும் அப்படித்தான்: வேலைக்குப் பலன் என்ற உடன்பாட்டில் நடப்பது பரிமாற்றத் தலைமை, பின்தொடர்வோரின் நோக்கத்தையே உயர்த்தி மாற்றுவது மாற்றியமைக்கும் தலைமை. ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ் 1978-இல் இந்த வேறுபாட்டை வகுத்தார், பெர்னார்ட் பாஸ் 1985-இல் நிறுவனங்களுக்கு ஏற்ப விரித்தார். எங்கும் த்துவம் தேவைப்படவில்லை.

இந்தக் குழப்பம் நேரடியாகச் சேதம் செய்யும் இடம் கருத்தாய்வு வினாத்தாள். தமிழில் தயாராகும் வினாத்தாள்களில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: "எங்கள் துறையின் தலைமைத்துவம் எனக்கு நம்பிக்கை தருகிறது." கீழே 1 முதல் 5 வரை எண்கள். ஒருவர் தன் மேலாளரை நினைத்து 5 போடுவார். அடுத்தவர் இயக்குநர் குழுவை நினைத்து 2 போடுவார். மூன்றாமவர் பொதுவாக வேலை நடக்கும் விதத்தை நினைத்து நடுவில் 3 போட்டுவிட்டுப் போவார். மூன்றும் ஒரே பத்தியில் எண்களாகச் சேர்ந்து சராசரியாகும். வினாத்தாளின் நம்பகத்தைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-ஐத் தாண்டியிருக்கிறதே என்று ஆய்வாளர் ஆறுதல் அடைகிறார். அந்த எண் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் சொல்லும். எல்லா வாக்கியத்தையும் "மேலே இருப்பவரை எனக்குப் பிடிக்குமா" என்றே வாசித்து விடையளித்தாலும் ஆல்ஃபா உயரமாகத்தான் வரும். அளந்தது எது என்று அது சொல்லாது.

மீள்மொழிபெயர்ப்பும் இதைப் பிடிக்காது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கிய முறை அது: ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பின் இரண்டையும் ஒப்பிட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் தலைமைத்துவத்தைக் கண்டதும் மீள்மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் லீடர்ஷிப் என்று எழுதிவிடுவார், ஒப்பீடு நூற்றுக்கு நூறு பொருந்தும். தமிழ் வாசகருக்கு என்ன புரிந்தது என்பது அந்தச் சுற்றுக்குள் வரவே இல்லை. அதனால் முடிந்தவரை அந்தப் பெயர்ச்சொல்லையே வினாவிலிருந்து எடுத்துவிட்டு நடத்தையைக் கேட்பது மேல். "வேலையைத் தொடங்கும் முன் யார் எதைச் செய்ய வேண்டும் என்று என் நேரடி மேலாளர் தெளிவாகச் சொல்கிறார்." "என் தவறைப் பலர் முன் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்கிறார்." விடையையும் "உடன்படுகிறேன்" என்ற வரிசையில் வாங்காமல், ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும் என்று எத்தனை முறை நடக்கிறது என்ற வரிசையில் வாங்கலாம். பிறகு, கருத்தாய்வுக்குத் தேர்ந்தெடுத்த மாதிரியில் சேராத பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் காட்டி, விடை கேட்காமல், "இதில் என்ன கேட்டிருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். "எங்க மேனேஜரைப் பத்தியா, மேலிடத்தைப் பத்தியா?" என்று அவர்களில் இரண்டு பேர் திருப்பிக் கேட்டாலும் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதி, மறுபடி வேறு சிலரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். தரவு திரட்டி முடிந்தபின் எந்தப் புள்ளியியல் உத்தியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.