சாமுராய்க்கும் தாயம் விழ வேண்டும்

திருநகரில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். ஐந்து நண்பர்கள், ஞாயிறு மாலை, வெயில் தாழ்ந்த மொட்டைமாடி. ஆளுக்கொரு சாமுராயாக மாறி, ரோகுகான் என்ற கற்பனை நாட்டில் கதை நடத்துகிறார்கள். இப்போது குழுவுக்குள் சண்டை. அவர்கள் வாங்கிய புதிய புத்தகத்தில் விதிமுறையே வேறு. இருவர் மாறிவிடலாம் என்கிறார்கள், மூவர் முடியவே முடியாது என்கிறார்கள். "அதே நாடு, அதே குலங்கள், அதே வாள். பகடை மட்டும்தான் சார் மாறுது. அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

கோபத்துக்குப் பின்னால் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுவோம். ரோகுகான் கதை நடக்கும் 'லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்' 1995-ல் சீட்டு விளையாட்டாக வந்தது, 1997-ல் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டானது. 2001-ல் ஒருமுறை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற இன்னொரு பாத்திரமேற்கும் விளையாட்டின் விதிகளுக்குள் போய்விட்டு, பிறகு பழைய விதிக்கே திரும்பியது. 2018-ல் எண்ணே இல்லாத, குறிகள் மட்டும் பொறித்த தனிப் பகடைகள் வந்தன. 2022-ல் 'அட்வென்ச்சர்ஸ் இன் ரோகுகான்' மறுபடியும் டிராகன் வீட்டுக்கே போனது; திருநகர் நண்பர்கள் வாங்கிய புத்தகம் இதுதான். ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆக, திருநகர் மாடிச் சண்டை புதிதல்ல.

டிராகன் விளையாட்டின் மையம் ஒரே ஒரு 20 முகப் பகடை. உருட்டு, உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டால் வெற்றி. எந்த முகம் விழவும் வாய்ப்பு 5 சதவீதம்தான். வரைபடம் போட்டால் மேசைப் பலகை போலத் தட்டையாக இருக்கும். பத்து வருடம் வாள் பிடித்தவருக்கும் நேற்றுப் பிடித்தவருக்கும் 20 விழும் வாய்ப்பு ஒன்றே. தேர்ந்தவருக்கு 5 கூடுதல் கொடுத்து இருவரையும் மோதவிட்டாலும், 100 மோதலில் சுமார் 26-ல் புதியவர் ஜெயித்துவிடுவார்.

பழைய ரோகுகான் விதி வேறு மாதிரி. 10 முகப் பகடைகள். உங்கள் பாத்திரத்தின் இயல்புக்கும் பயிற்சிக்கும் உள்ள எண்கள் சேர்ந்து எத்தனையோ அத்தனை பகடை உருட்டலாம். ஆனால் இயல்பின் எண்ணிக்கை அளவுக்கு மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்ட வேண்டும். 10 விழுந்தால் அதே பகடையை மறுபடி உருட்டி, வருவதையும் சேர்த்துக்கொள்ளலாம். மறுபடி 10 என்றால் மறுபடியும்.

இதைப் படித்ததும் எனக்குச் சோழவந்தான் அப்பத்தா வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வைகுண்ட ஏகாதசி இரவு, கண் விழிக்கத் தாயம். நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள், நான்கு பக்கங்களில் 0, 1, 2, 3 புள்ளிகள். எங்கள் வீட்டு விதிப்படி தாயம் (அதாவது ஒன்று), ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு.

இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறேன், கணக்கு அவ்வளவு அழகு. இரண்டு கட்டைகள் விழும் விதங்கள் மொத்தம் 16. தாயம் 2 விதம், ஐந்து 2 விதம், ஆறு ஒன்று, பன்னிரண்டு ஒன்று. ஆக 16-ல் 6, அதாவது எட்டில் மூன்று பங்கு மறு ஆட்டம். ஒரு உருட்டலின் சராசரி 3.75. ஒரு முறைக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கும்? மறு ஆட்டத்துக்குள் மறு ஆட்டம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகுமே! பயப்பட வேண்டாம். அந்தச் சராசரியை 'ச' என்று வையுங்கள். மறு ஆட்டம் கிடைத்தவர் மீண்டும் தொடக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்கு இனி கிடைக்கப்போவதும் அதே ச. எனவே ச என்பது 3.75-உடன் ச-வில் எட்டில் மூன்று பங்கு சேர்ந்தது. தீர்த்தால் ச = 6, துல்லியமாக. முடிவில்லாத ஏணி ஒரே வரியில் மடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, ஏகாதசி இல்லாமலே.

அதே தந்திரத்தைச் சாமுராய்ப் பகடைக்குப் போடுங்கள். சாதாரணமாக 5.5 வரும் பகடை, மறு உருட்டலால் 6.11 ஆகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தச் சிறு உயர்வு எல்லோருக்கும் சமமாகப் பிரியவில்லை. பத்தில் ஒருவருக்கு மட்டும் மொத்தமாகப் போய்ச் சேருகிறது. வரைபடத்தின் வலப்பக்கம் மெலிந்த நீண்ட வால் ஒன்று முளைக்கிறது. ஒரே பகடையில் 20-ஐத் தொட நூற்றில் ஒரு வாய்ப்பு, 30-ஐத் தொட ஆயிரத்தில் ஒன்று. அரிது, ஆனால் கதவு மூடவில்லை.

இத்துடன் பொறுக்குவதைச் சேருங்கள். மறு உருட்டலைக் கணக்கில் எடுக்காமல், ஒன்றை மட்டும் பொறுக்கினால் ஒரு பகடைக்கு 5.5, இரண்டுக்கு 7.15, மூன்றுக்கு 7.98, ஐந்துக்கு 8.79. லாபம் ஒவ்வொரு படியிலும் சுருங்குகிறது. அப்படியானால் பயிற்சிக்கு என்ன பலன்? குறைந்தது ஒரு 10 விழும் வாய்ப்பைப் பாருங்கள்: ஒரு பகடைக்கு 10 சதவீதம், ஐந்துக்கு 41 சதவீதம். பயிற்சி இங்கே சராசரியை மட்டும் தூக்கவில்லை, அதிர்ஷ்டம் வந்து தட்டும் கதவுகளையும் பெருக்குகிறது. பழைய ரோகுகான் விதியின் நான்காம் பதிப்பில், ஒரு கலையில் பயிற்சியே இல்லாதவருக்கு 10 விழுந்தாலும் மறு உருட்டல் கிடையாது. ஒரே வீச்சில் முடியும் வாள் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தெரியவில்லை. பகடை மாறினால் சாமுராயே மாறிவிடுகிறான் என்று அந்த மூவருக்குத் தோன்றுவது இதனால்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய டிராகன் விதியிலும், சாதகமான நிலையில் இருப்பவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். சராசரி 10.5-லிருந்து 13.8-க்கு ஏறும், 20 விழும் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பொறுக்குதல் அங்கேயும் உண்டு. வால்தான் இல்லை.

அப்புறம் ராசி. தாயம் விழாமல் காய் இறங்காது. "எட்டு தடவ விழலைல, இப்ப விழுந்துரும்டா" என்று என் மாமா கட்டையைக் கையில் தேய்த்துக்கொண்டே சொல்வார். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு உருட்டலிலும் எட்டில் ஒன்றுதான். எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் மூன்றில் ஒருவர் இருப்பார், அவருக்கு எந்தச் சனியும் பிடிக்கவில்லை. இதை மாமாவிடம் சொன்னேன், கட்டையைப் பிடுங்கிக்கொண்டு என்னை எழுப்பிவிட்டார்.

கீழடியில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. வைகைக் கரையில் உருட்டுவது அவ்வளவு பழைய பழக்கம். அதை நகலெடுத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்து, ஆயிரம் முறை உருட்டி எந்த முகம் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணச் சொன்னால் எவ்வளவு செலவாகிவிடும்? பெரிய கருவிகளுக்குப் பணம் கேட்கத் தெரிந்த நமக்கு, இந்த மாதிரிச் சில்லறை ஆராய்ச்சிக்குக் கேட்கக் கூச்சம். பிள்ளைகளோ நிகழ்தகவு பாடத்தில் நாணயத்தையே சுண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, திருநகர் தம்பிக்கு. புதிதாக ஒருவர் மாடிக்கு வந்தால் 20 முகப் பகடையைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். மாறலாம் என்ற இருவரும் சொல்வது தப்பில்லை. இருந்தாலும் என் ஓட்டு மூவர் பக்கம். புத்தகத்தை வாங்கியாயிற்று, கதைக்கும் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உருட்டுவதற்குப் பழைய பத்து முகப் பகடைகளே இருக்கட்டும்.