வளர்ற பிள்ளைக்கு வாங்கிய ஷூ

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் பாளையங்கோட்டை ஷூ கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: “வளர்ற பிள்ளைல்லா அண்ணாச்சி, ஒரு நம்பர் பெரிசாவே குடுங்க.” நானும் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினேன். மறுநாள் வண்ணார்பேட்டையிலிருந்து நடந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டுவதற்குள் மகனின் குதிகால் நாலு தடவை வெளியே வந்துவிட்டது.

ஒரு நம்பர்தானே என்று நினைக்கிறோம். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு அங்குலம் வித்தியாசம்; ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். விரலுக்கு விட வேண்டிய இடம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நடக்க நடக்கப் பாதம் முன்னால் சறுக்க, மிச்சமெல்லாம் குதிகாலுக்குப் பின்னால் போய்ச் சேரும். விரல்களை முன்னால் முட்டவிட்டு, பின்பக்கம் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த அடி வைக்கக் குதிகாலைத் தூக்கும்போது பாதம் விரல்களின் அடிமூட்டில் மடங்குகிறது. சோலும் அதே இடத்தில் மடங்க வேண்டும். புது சோல் விறைப்பானது, தட்டையாகவே கிடக்கப் பார்க்கும். அதை இழுத்துக்கொண்டு மேலே வர, ஷூ புறங்காலை, அதாவது பாதத்தின் மேல்பக்கத்தை, அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அங்கே தொளதொளவென்று இருந்தால் கால் மட்டும் கிளம்பும், ஷூ தரையிலேயே நிற்கும். ஆகவே கழல்வது குதிகாலில் என்றாலும் பெரும்பாலும் கோளாறு புறங்காலில்தான்.

இது புரியாமல்தான் முனையில் பேப்பரைத் திணிக்கிறோம். சறுக்கல் கொஞ்சம் நிற்கும், ஆனால் புறங்காலுக்குப் பிடிப்பு வராது. ஒருநாள் கல்யாணத்துக்குச் சரி. குதிகாலுக்கு அடியில் மட்டும் தடிமனாக அட்டை வைப்பது அதைவிட மோசம். குதிகால் உயர்ந்து ஷூவின் விளிம்பைத் தாண்டி இன்னும் எளிதாக வெளியே வரும்.

பாதத்துக்கு அடியில் விரிக்கும் முழுநீள இன்சோல் போட்டால் பாதம் மொத்தமாக உயர்ந்து ஷூவின் மேல்தோலோடு நெருங்கும். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் உள்பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் இன்னும் நல்லது: அது புறங்காலை அழுத்தி, பாதத்தைப் பின்னால் தள்ளி, குதிகாலை அதன் குழியில் உட்கார வைக்கும். செருப்பு தைக்கிறவரிடம் சொன்னால் ஒட்டித் தந்துவிடுவார்.

காசே செலவாகாத வழியும் உண்டு. லேஸ் ஷூக்கள் பலவற்றில் கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு ஓட்டை சும்மா கிடக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்து ஓட்டையில் விட்டு, சின்ன வளையம் வையுங்கள். அந்தப் பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். வளையம் கிணற்றுக் கப்பி போல லேஸைத் திருப்பிவிடும். கப்பியில் உரசல் தொந்தரவு; இங்கே அந்த உரசலே இறுக்கம் தளராமல் காக்கிறது.

ஒரு வேடிக்கை. பகலெல்லாம் நின்று நடந்தால் கால் சற்று வீங்கும், நம்மூர் வெயிலில் கூடவே வீங்கும். சாயங்காலம் சரியாக இருக்கும் ஷூ காலையில் தொளதொளக்கலாம். அதனால் லேஸைக் காலையில் இறுக்கி, மத்தியானம் ஒருமுறை தளர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டு நம்பர் பெரிசு என்றால் இதில் எதுவும் எடுபடாது. பில் இருந்தால், ஷூவில் அழுக்குப் படுமுன் கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.