பல்லியைப் பார்த்தாலும் சந்தேகம்தான்

2022 ஜூனில் அக்கா மகள் எல்சாட் இந்தியா எழுதினாள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, ஆனால் தேர்வு மையம் எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டின் மேற்கு அறை. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம், மொத்தம் 2 மணி 20 நிமிடம், அவ்வளவு நேரமும் லேப்டாப் கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். (அந்தத் தேர்வு 2024-ஓடு நின்றுபோனது.)

"ஸ்பீடு 40 வருது, போதும் மாமா" என்றாள். அது டவுன்லோடு. கீழே இருக்கும் இரண்டாவது எண்ணை, அப்லோடைப் பார் என்றேன். கேள்வி வருவதற்கும் விடை போவதற்கும் சில கிலோபைட் போதும். கனமான சரக்கு அவள் முகம்தான், அது மேலே போகிறது. விநாடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொண்டாலே 140 நிமிடத்துக்கு 500 எம்பிக்கு மேல் அப்லோடு.

யூடியூபில் நெட் நாலு விநாடி விழுந்தால் நமக்குத் தெரிவதில்லை, வரப்போகும் காட்சியை அது முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். அடுத்த நிமிடத்து முகத்தை இப்போதே அனுப்பி வைக்க முடியாதே, அதனால் இந்தப் பக்கம் முன்சேமிப்பே கிடையாது, நேரலையில் விழுந்தது விழுந்ததுதான். மொபைல் ஹாட்ஸ்பாட் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். எங்கள் ஊர் மாநில எல்லையோரம், மொட்டை மாடிக்குப் போனால் போன் கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும், அந்த மாறுகிற நேரத்தில் இணைப்பு அறுந்து புதிதாகத்தான் தொடங்கும்.

அப்புறம் கரண்ட். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டையைக் கம்பியில் தட்டினால் போதும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. அரை விநாடி விட்டு வந்தாலும் அது திரும்ப எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ரவுட்டருக்கு 12 வோல்ட்தான், கைக்கடக்கமான ஒரு குட்டி யூபிஎஸ் தாங்கிவிடும்.

ஒத்திகையின்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படத்தில் முகம் கரிக்கட்டை. கேமரா மொத்தக் காட்சியின் வெளிச்சத்தையும் சராசரி பார்த்துத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது, பின்னால் வெயில் என்றால் முன்னால் இருப்பவர் இருட்டு. முகம் கண்டுபிடிக்கும் நிரலுக்கு இதுதான் சிக்கல். 2001-இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் கொண்டுவந்த முறை, கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருண்டிருக்கும் என்பது போன்ற வேறுபாடுகளைத்தான் தேடும். இப்போது ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் நிரல் வந்துவிட்டது, ஆனாலும் எல்லாமே ஒரே கறுப்பாக இருந்தால் அதுவும்தான் என்ன செய்யும்? நாற்காலியைத் திருப்பிப் போட்டோம், செலவு ஏதுமில்லை.

இன்னொன்று, பழக்கம். யோசிக்கும்போது அவள் கண் விட்டத்துக்குப் போகும். "பல்லியைத்தான் மாமா பார்த்தேன்" என்றாள், சரி, எனக்குத் தெரியும். கண்காணிப்பு மென்பொருளுக்குப் பல்லியும் ஒன்று, சுவரில் ஒட்டிய துண்டுச் சீட்டும் ஒன்று. பார்வை திரையை விட்டு நீண்ட நேரம் விலகினால் ஒரு குறி போடும், அது காப்பியா இல்லையா என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முணுமுணுத்துப் படிப்பதும் அப்படித்தான்.

வீட்டிலிருந்து எழுதுவது எல்லோருக்கும் சமம் என்று நான் நினைக்கவில்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2020 செப்டம்பர் 12-இல் தனியாக ஒரு தேர்வை இப்படி நடத்தியது, செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 28-ஆம் தேதி எல்லோரும் மையத்துக்குப் போய் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினார்கள்.

இவளுக்கு அன்று கரண்ட் போகவே இல்லை. குட்டி யூபிஎஸ்ஸை இப்போது அக்கா டிவி செட்டாப் பாக்ஸுக்கு வைத்திருக்கிறாள்.