வளைத்தால் விறைக்கும் தகடு

அப்பாவின் பழைய ரேசரால் முதன்முதலாக முகம் மழித்த அன்று எனக்கு மூன்று இடங்களில் ரத்தம் வந்தது. தாடையில் ஒன்று, மேலுதட்டில் ஒன்று, குரல்வளை மேட்டில் ஒன்று. பல பிளேடுகள் பதித்த பிளாஸ்டிக் ரேசரில் பதினைந்து வருடம் பழகிய கை. இதுவும் ரேசர்தானே என்ற அலட்சியம். படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்துக்கொண்டு, ரேசரைக் கழற்றி வாஷ்பேசின் ஓரத்தில் பரப்பினேன். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி, நடுவில் ஒரு பிளேடு. ஸ்பிரிங்கூடக் கிடையாது. நாலு துண்டில் முடிந்துவிடும் இந்தப் பொருளில் எதை நான் புரிந்துகொள்ளவில்லை?

பிளேடிலிருந்து தொடங்கலாம். நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22, தடிமன் வெறும் 0.1. தாடி மயிர் ஒன்றின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு விரலுக்கிடையே வைத்து அழுத்தினால் நாணல்போல வளைகிறது. இப்படித் துவளும் தகடு, விறைத்து நிற்கும் மயிரை எப்படி வெட்டுகிறது?

ஒரு தாளை ஒரு முனையில் பிடித்து நீட்டிப் பாருங்கள், தலை தொங்கிவிடும். அதே தாளை நீளவாக்கில் லேசாக வாய்க்கால்போல் குழித்துப் பிடித்தால் நேராக நிற்கும். தாள் மாறவில்லை, வடிவம்தான் மாறியது. குழிந்த தாளை மடக்க வேண்டுமானால் அதன் ஓரங்களை இழுத்து நீட்டியாக வேண்டும். அது எளிதில் நடக்காது. கூரைத் தகரத்தில் நெளிவுகள் வைப்பதும், பனையோலையை இயற்கை மடிப்பு மடிப்பாக வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். ரேசரின் மேல்மூடிக்கு அடிப்பக்கம் குழிவாக இருக்கும், அதற்கேற்ப அடித்தட்டு மேடாக இருக்கும். கைப்பிடியைத் திருகி இறுக்கும்போது இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பிளேடு வில்லாக வளைகிறது. வளைந்த அந்தக் கணத்தில் துவண்ட தகடு கத்தியாகிவிடுகிறது. இரு பக்கமும் விளிம்பு மட்டும் இம்மியளவு வெளியே எட்டிப் பார்க்கும்.

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளருக்கு 1904-இல் கிடைத்த காப்புரிமையின் சாரமும் இதுதான்: தன் விளிம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள வெளியிலிருந்து ஒரு தாங்கல் தேவைப்படும் அளவுக்கு மெல்லிய பிளேடு. பலவீனத்தையே கண்டுபிடிப்பாகப் பதிவுசெய்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. யோசனை அவருக்கு 1895-இலேயே தோன்றிவிட்டது. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கச் சூடேற்றிக் குளிரவைத்தால் அது கோணிக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். அதைத் தீர்க்கும் இயந்திரங்களை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய பிறகே வியாபாரம் தொடங்கியது. 1903-இல் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள்.

இனி என் ரத்தத்துக்கு வருவோம். தோல் மெத்தைபோல. அழுத்தினால் அழுத்திய இடத்தில் பள்ளமாகும், பக்கத்தில் உப்பும். பிளேடின் விளிம்புக்கும் அதற்கு முன்னால் அடித்தட்டின் ஓரமாக உள்ள பாதுகாப்புப் பட்டைக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. ரேசரை அழுத்தியதும் தோல் அந்தச் சந்துக்குள் பிதுங்கி எழுகிறது. பிளேடுக்கு மயிர் எது, தோல் எது என்று தெரியாது. எதிரே நிற்பதைச் சீவுகிறது. பிளாஸ்டிக் ரேசரில் பல பிளேடுகள் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் பாரம் பங்கிடப்படுகிறது, தோல் பிதுங்கவும் இடம் குறைவு. தலைப்பகுதி கன்னத்துக்கு ஏற்ப ஆடியும் கொடுக்கிறது. அதனால் நாம் எவ்வளவு அழுத்தினாலும் அது மன்னித்துவிடும். என் கை பதினைந்து வருடமாகக் கற்றது அந்த மன்னிப்பைத்தான்.

அப்பாவின் ரேசரைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 78 கிராம். அந்த எடையே போதுமானது. கைப்பிடியின் அடிமுனையை மூன்று விரல்களால் தாங்கிக்கொண்டு, கன்னத்தில் இறங்கவிட்டால் சரி. கோணம் மட்டும் நம் பொறுப்பு. கைப்பிடியை முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூடியின் உச்சி மட்டும் தொடும்படி வைத்துவிட்டு, மெல்லக் கீழே சாய்த்துக்கொண்டே வர வேண்டும். பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாயும்போது மயிர் அறுபடும் சரசரப்பு காதில் கேட்கும். அந்த ஓசைதான் வழிகாட்டி. அது கேட்காமல் வழுக்கினால் மூடிதான் தேய்கிறது. தோல் சுரண்டப்பட்டால் கைப்பிடி மிகவும் இறங்கிவிட்டது.

நுரைக்கும் வேலை இருக்கிறது. மயிர் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது. மயிர் ஊறிப் பருத்து இளகுகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். சோப்பு மயிரின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சை நீக்கித் தண்ணீருக்கு வழிவிடுகிறது, பிறகு அது ஆவியாகாமல் மூடியும் வைக்கிறது. அவசரத்தில் முகத்தை நனைத்த கையோடு மழிப்பவர், காய்ந்த மயிரோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

ஊறிய மயிரைவிட எஃகு எத்தனையோ மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் சில நாளில் பிளேடு மழுங்கிவிடுகிறது. உரசி உரசித் தேய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அடியில் அவர்கள் பார்த்தபோது, விளிம்பு தேய்வதைவிடப் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருந்தது. எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. விளிம்பில் அப்படிச் சீர்கெட்ட ஓர் இடத்தில், மயிர் சாய்வாக வளைந்தபடி மோதினால், விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து துணுக்கு உடைகிறது. ஒற்றை மயிரே போதும்.

இரண்டாவது வாரம் முடிவெட்டப் போன கடையில் இதையெல்லாம் சொன்னேன். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே புதிய பிளேடை உறையோடு நடுவில் ஒடித்து, பாதியைத் தன் கத்திப்பிடியில் செருகினார். அதில் பாதுகாப்புப் பட்டையே கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரரின் தாடையில் கத்தி ஓடும்போது என் கண் அதன் பின்னாலேயே போனது. கத்தியைப் பார்க்காதீர்கள் சார், இந்தக் கையைப் பாருங்கள் என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதன் கட்டைவிரலும் நடுவிரலும் கத்திக்கு ஓர் அங்குலம் முன்னே போய்த் தோலை மத்தளத்தோல்போல் இழுத்துப் பிடித்தன. இழுத்த தோலில் உப்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. குரல்வளை மேடு வந்ததும், அவர் தோலை மட்டும் பக்கவாட்டில் நகர்த்திச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, அங்கே வைத்து மழித்துவிட்டுத் தோலை விட்டுவிட்டார். அது தானாகப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.