பிளாக்லிஸ்ட்: கறுப்புப் பட்டியலா, விலக்கப்பட்டோர் பட்டியலா?

ஃபிராங்க் டாராபான்ட் இயக்கி ஜிம் கேரி நடித்த 'தி மெஜஸ்டிக்' 2001ல் வெளிவந்தது. கதை நடப்பது 1951ல். பீட்டர் ஆப்பிள்டன் என்ற ஹாலிவுட் கதாசிரியர், மாணவப் பருவத்தில் ஒரு பெண்ணின் மனத்தைக் கவர்வதற்காக ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போனவர். அது கம்யூனிஸ்ட் சார்புக் கூட்டம் என்று பிற்பாடு தெரியவர, கையிலிருந்த வேலை போகிறது. குடித்துவிட்டுக் காரோட்டி ஆற்றில் விழுகிறார், நினைவை இழக்கிறார், ஒரு சிற்றூரில் கரையொதுங்குகிறார். அந்த ஊர் அவரை, போருக்குப் போய்த் திரும்பாத தன் பிள்ளை என்று நம்பி வாரி அணைத்துக்கொள்கிறது. பிள்ளை வந்துவிட்டான் என்ற மகிழ்ச்சியில் ஒரு கிழவர், மூடிக் கிடந்த தன் சினிமா கொட்டகையை மறுபடி திறக்கிறார். கண்ணைக் கலங்க வைக்கும் படம், எனக்கு மிகவும் பிடித்த படமும்கூட. பீட்டருக்கு வேலை போன விதத்தை ஆங்கிலத்தில் பிளாக்லிஸ்ட் என்பார்கள். தமிழில் யோசிக்காமல் 'கறுப்புப் பட்டியல்' என்று எழுதிவிடுகிறோம். அது போதாது என்பது என் எண்ணம்.

சொல் பழையது. 1639ல் அச்சான பிலிப் மாசிஞ்சரின் ஆங்கில நாடகம் ஒன்றிலேயே வருகிறது. தந்தைக்கு மரண தண்டனை விதித்தவர்களின் பெயர்களை இரண்டாம் சார்லஸ் மன்னர் பட்டியலிட்டதில்தான் இச்சொல் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஆனால் அவர் அரியணை ஏறியது 1660ல், சொல் அதற்கு முந்தியது. ஆங்கிலத்தில் கறுப்பு அவப்பெயரின் நிறம். 19ஆம் நூற்றாண்டில் முதலாளிகள் தொழிற்சங்கக்காரர்களின் பெயர்களைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டு, இவர்களுக்கு யாரும் வேலை தராதீர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்போது இந்தச் சொல் பிழைப்போடு ஒட்டிக்கொண்டது.

ஹாலிவுட்டில் அது வந்த விதம் இன்னும் மோசம். 1947 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோதச் செயல்கள் குழு' சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா, எப்போதாவது இருந்ததுண்டா என்பதே முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் 'ஹாலிவுட் பத்து' ஆனார்கள். நவம்பர் 24ல் சபை அவர்கள்மீது அவமதிப்புக் குற்றம் சாட்டியது. மறுநாளே, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடிய ஸ்டூடியோ முதலாளிகளின் அறிக்கை வந்தது: அந்தப் பத்துப் பேருக்கு வேலை கிடையாது, கம்யூனிஸ்ட் என்று தெரிந்த எவரையும் இனி அமர்த்த மாட்டோம். (இதையெல்லாம் கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தியின் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் பெயர் நாடெங்கும் அடிபட்டது 1950 பிப்ரவரியில்தான், இந்த விசாரணையை நடத்தியவரும் அவர் அல்ல.)

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பத்துப் பேருக்கு அறிக்கை வந்தது. அப்புறம் சிக்கியவர்களுக்கு அதுவும் இல்லை. 1950 ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்ற தனியார் வெளியீடு, வானொலி, தொலைக்காட்சியில் இருந்த 151 பேரின் பெயர்களை அச்சிட்டது. அது சட்டமும் அல்ல, தீர்ப்பும் அல்ல. ஆனாலும் தொலைபேசி அடிப்பது நின்றது, நேற்றுவரை தோளில் கை போட்டவர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து போனார். பட்டியல் எங்கே என்று கேட்டால், அப்படி ஒன்றே இல்லை என்று ஸ்டூடியோக்கள் சாதித்தன.

நம் கிராமத்தில் ஒரு குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளிவைப்பது போலத்தான் இது. அங்கேயும் எழுத்தில் எதுவும் இருக்காது. கடையில் பொருள் கிடைக்காது, கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இந்தப் பொருளைக் கறுப்பு என்ற சொல் தாங்குமா? 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம். கறுத்தல் என்றாலும் சிவத்தல் என்றாலும் சினம் கொள்வது. சிவப்பைக் கண்டு வெகுண்டவர்கள் போட்ட பட்டியல் என்ற அளவில் நூற்பா வியப்பாகப் பொருந்துகிறது. ஆனாலும் தள்ளிவைத்தல் என்ற பொருள் அதில் இல்லை. 'கள்ளச்சந்தை' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கான ஆங்கிலச் சொல்லிலும் கறுப்புதான் இருக்கிறது. நம்மவர்கள் நிறத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தார்கள், அதனால் யாரும் விளக்காமலே புரிகிறது.

ஒப்பந்ததாரரை அரசு 'கருப்புப் பட்டியலில்' சேர்த்தது என்று நாளிதழ்கள் எழுதுவது நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். அங்கே நோட்டீஸ் உண்டு, ஆணை உண்டு, எதிர்த்து நீதிமன்றம் போக வழி உண்டு. ஹாலிவுட் கதைக்கு வேறு சொல் வேண்டும். 'விலக்குப் பட்டியல்' என்றால் வரிவிலக்கு ஞாபகம் வரும். 'ஒதுக்கல்' இட ஒதுக்கீட்டுப் பக்கம் இழுக்கும். 'புறக்கணிப்பு' பொருளுக்கும் தேர்தலுக்கும் பழகிய சொல். ஆகவே நான் 'விலக்கப்பட்டோர் பட்டியல்' என்பேன். நீளம்தான், சரி. ஆனால் அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், யாரோ அவர்களை விலக்கினார்கள் என்பதும் தெரிகிறது.

படத்தின் முடிவில் பீட்டர் குழுவின் முன் நின்று, அமெரிக்க அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தைச் சொல்லி முழங்குகிறார். ஊர் கொண்டாடுகிறது. நிஜத்தில் முதல் திருத்தத்தை நம்பிய பத்துப் பேரும் 1950ல் சிறைக்குப் போனார்கள். அதனால் 1951ல் வந்தவர்கள், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற ஐந்தாம் திருத்தத்தைப் பிடித்தார்கள். சிறை தப்பியது, வேலை தப்பவில்லை. படம் தந்த ஆறுதல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தைப் பற்றி எழுத இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். குழுவிடம் தோழர்களின் பெயர்களைச் சொல்வதைப் 'பெயரிடுதல்' என்று எழுதுவது தவறு. பெயரிடுவது குழந்தைக்கு. 1952ல் இயக்குநர் எலியா கஸான் எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். அதற்குத் தமிழில் 'காட்டிக்கொடுத்தல்' இருக்கிறது. விலக்கப்பட்டவர் எழுத, வேறொருவர் பெயரில் படம் வருவதற்குப் 'பினாமி' அச்சாகப் பொருந்தும். பத்துப் பேரில் ஒருவரான டால்டன் டிரம்போ எழுதிய 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதைக்கான ஆஸ்கர், பினாமியாக நின்ற நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் பெயருக்குப் போனது. 1957ல் 'தி பிரேவ் ஒன்' கதைக்கு விருது பெற்ற ராபர்ட் ரிச் என்று ஒரு கதாசிரியரே கிடையாது, அதுவும் டிரம்போதான். 1960ல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' படங்களில் அவர் பெயர் திரைக்குத் திரும்பியது. ரிச்சின் ஆஸ்கர் 1975ல் அவர் கைக்கு வந்தது. 'ரோமன் ஹாலிடே' விருது அவர் பெயருக்கு வந்தது 1993ல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து.