‘நான் வெல்வேன்’ என்று சொல்வதைவிட...

நேர்முகத் தேர்வுக்கு முன் கண்ணாடியைப் பார்த்து ‘நான் கெட்டிக்காரன்’ என்று பத்து முறை சொன்னால் பலன் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவருக்குக் கொஞ்சம் உண்டு. இல்லாதவருக்கோ பாதகம்தான். கனடாவின் உளவியலாளர் ஜோஆன் வுட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் மனம் இன்னும் வாடிப்போனார்கள்.

இதைவிட நல்ல வழி, ‘எனக்கு எது முக்கியம்?’ என்று எழுதிப் பார்ப்பது. நேர்மை, குடும்பம், இசை, கடவுள், எதுவாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் நம் மதிப்புக்கு ஆபத்து வந்தால், வேறோர் இடத்தில் காலூன்றி அதைத் தாங்கிக்கொள்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-ல் சொன்னார். மேடைப் பேச்சு, மனக்கணக்கு என்று ஆட்களைப் பதற வைத்துச் சோதித்தது டேவிட் கிரெஸ்வெல் குழு (2005). முன்கூட்டியே தம் விழுமியங்களை, அதாவது தமக்கு முக்கியமானவற்றை, நினைத்துப் பார்த்தவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது.

அப்படியென்றால் இது மனதை மரத்துப்போக வைக்கும் வேலையா, தவறு செய்தாலும் உறைக்காதா என்று தோன்றும். நடப்பது நேரெதிர், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். நாம் தவறான பொத்தானை அழுத்திய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், ‘ஐயோ’ என்று நினைக்கும் முன்பே, மூளையின் முன்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. தலையில் மின்முனைகளை ஒட்டி அதை அளக்கலாம். லிசா லெகோ, மைக்கேல் இன்ஸ்லிக்ட் முதலானோர் 2012-ல் வெளியிட்ட சோதனையில், தம் முதன்மையான விழுமியத்தைப் பற்றிச் சில நிமிடம் எழுதியவர்களிடம் இந்த அலை பெரிதாக இருந்தது. அவர்கள் செய்த தவறுகளோ குறைவு. பயம் குறைந்தவருக்குத் தன் தவறை ஏறிட்டுப் பார்க்கத் தெம்பு வருகிறது. மூடி மறைக்கத் தேவையில்லை.

அலுவலகத்திலும் இதையொட்டிய ஒன்றைச் சோதித்திருக்கிறார்கள், அதுவும் இந்தியாவில். விப்ரோ பிபிஓவில் புதிதாகச் சேர்ந்த 605 பேரில் சிலருக்கு முதல்நாள் ஒரு மணி நேரம் நிறுவனத்தின் பெருமையைச் சொன்னார்கள். வேறு சிலரிடம் ‘உங்கள் தனித்தன்மை என்ன, எப்போது நன்றாக வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டு, அவரவர் பெயர் பொறித்த மேலாடை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் பார்த்தால், இரண்டாம் வகையினர்தான் அதிகமாக வேலையில் நிலைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களும் அவர்களிடம் கூடுதல் திருப்தி அடைந்திருந்தார்கள். நிறுவனத்தின் ‘விழுமியங்களை’ச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டும் மனிதவள அதிகாரிகள் கவனிக்க.

இது எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரப் பள்ளிகளில் மாணவர்களை இப்படித் தம் விழுமியங்களைப் பற்றி எழுத வைத்தபோது, முதல் தொகுதி மாணவர்களிடம் சிறிய பலன் தெரிந்தது. அடுத்த தொகுதியிடம் தெரியவில்லை. எங்கே, யாருக்கு வேலை செய்கிறது என்று நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆலைகளிலும் பெரிய அளவில் சோதிக்கத் தாளும் பேனாவும், பொறுமையான சில ஆய்வாளர்களின் சம்பளமும் போதும். அலுவலக வாசலை வாஸ்துப்படி இடித்துக் கட்ட மட்டும் நம்மிடம் எப்போதும் பணம் இருக்கிறது.